ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில்

போன வருஷம் மகள் வேறு பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்தாள். டி.சி. கேட்டார்கள், மார்க் ஷீட் கேட்டார்கள், ஆதார் கேட்டார்கள். அதுவரை அவளுக்குக் கணக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நன்றாகத் தெரிந்த பின்னத்தையே தெரியாத மாதிரி இரண்டு மாசம் முழித்தாள். அந்த எரிச்சலில்தான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

இதைப் பற்றி இங்கிலாந்தில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அங்கே 11 வயதில், ஆறாம் ஆண்டு முடிந்ததும், பிள்ளைகள் தொடக்கப் பள்ளியை விட்டு மேல்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். மாரிஸ் கால்டன், ஜான் கிரே, ஜீன் ரடக் மூவரும் அரசுக்காக 1999-ல் எழுதிய அறிக்கை பிரபலம்: பள்ளி மாறிய அடுத்த வருஷத்தில் ஐந்தில் இரண்டு பிள்ளைகள் எதிர்பார்த்த அளவு முன்னேறுவதில்லை. பள்ளிகள் சும்மா இருக்கவில்லை. புதுப் பள்ளியைச் சுற்றிக் காட்டுகிறார்கள், வரவேற்பு நாள் வைக்கிறார்கள், பயத்தைப் போக்குகிறார்கள். பாடத்தையும் அதைச் சொல்லிக்கொடுக்கும் விதத்தையும் தொடர்ச்சியாக்குவதில்தான் கோட்டை விடுகிறார்கள். 'இங்கே எல்லோருக்கும் புதுத் தொடக்கம்' என்று ஏழாம் ஆண்டு ஆசிரியர் நல்ல மனசோடுதான் சொல்கிறார். அப்படிச் சொல்லிவிட்டுப் பழைய பாடத்தையே திரும்ப நடத்துகிறார்.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படும் யோசனை ஒன்று: ஆசிரியர் பயிற்சியில் இருப்பவர்களையே ஆன்லைன் பள்ளிக் கூட்டுத் திட்டங்களில் இறக்கிவிடுவது. ஐரோப்பிய ஆணையம் 2005-ல் தொடங்கிய இ-ட்வின்னிங் இதற்குத் தயாராக இருக்கிற மேடை. வெளியாட்கள் பார்க்க முடியாத ட்வின்ஸ்பேஸ் என்ற இடத்தில் இரண்டு பள்ளிகள் சேர்ந்து வேலை செய்யலாம். பிற்பாடு வருங்கால ஆசிரியர்களையும் உள்ளே சேர்த்தார்கள்.

அடிப்படை யோசனை நல்லதுதான். தொடக்கப் பள்ளிக்குப் பயிற்சி எடுப்பவர் மேல்நிலை வகுப்பின் உள்பக்கத்தைப் பார்ப்பது அபூர்வம். இந்தப் பக்கம் ஒரே ஆசிரியர் நாள் முழுக்க இருக்கிறார். அந்தப் பக்கம் மணி அடிக்க அடிக்க வேறு முகம். இதைப் பயிற்சிக் காலத்திலேயே கண்ணால் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

என் சந்தேகம் மேடையின் அமைப்பில் தொடங்குகிறது. இ-ட்வின்னிங் தூரத்தைக் குறைக்கப் பிறந்தது. ஆரம்பத்தில் இரண்டு நாட்டுப் பள்ளிகள் இருந்தால்தான் திட்டமே பதிவாகும், ஒரே நாட்டுக்குள் அனுமதித்ததெல்லாம் பிறகுதான். ஆனா பள்ளி மாறும் பிள்ளைக்குத் தூரம் பிரச்சினையே இல்லை. இரண்டு பள்ளியும் ஒரே பஸ் ரூட்டில் இருக்கும். விரிசல் இருப்பது காலத்தில், ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவில்.

பயிற்சி ஆசிரியர் காணாமல் போவதும் அதே இடைவெளியில்தான். இங்கிலாந்தின் ஒரு வருஷப் பயிற்சி செப்டம்பரில் தொடங்கிக் கோடையில் முடிகிறது. எந்தப் பிள்ளை எங்கே தடுமாறும் என்று அவர் கற்றுக்கொண்ட நேரத்தில் பிள்ளை ஒரு வாசல் வழியாகப் போகிறது, அவர் இன்னொரு வாசல் வழியாகப் போகிறார். திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் அழகான போஸ்டர் இருக்கும். பிள்ளை தாண்டினதா, தடுக்கி விழுந்ததா என்பதைப் பார்க்க அவர் இருக்க மாட்டார்.

பாடத்தை வைத்தே பாலம் கட்டிப் பார்த்ததும் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் இணைப்புப் பாடங்கள் தயாரித்தார்கள். ஆறாம் ஆண்டின் கடைசி வாரங்களில் தொடங்கி ஏழாம் ஆண்டில் முடிக்க வேண்டும். ஒரு மேல்நிலைப் பள்ளிக்குப் பல தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். இரண்டு பள்ளி நடத்தாமல் விட்டாலும் வகுப்பில் பாதி பேர் நடுவிலிருந்து படம் பார்ப்பது போலத்தான். போதாக்குறைக்கு, புதுப் பள்ளியில் புதுசாக எதையாவது எதிர்பார்த்து வந்த பிள்ளை கையில் பழைய நோட்டையே கொடுத்தால் அதற்கு எப்படி இருக்கும்?

எங்கள் ஐ.டி. தொழிலில் இதற்கு கே.டி. என்று பேர். வேலையை விட்டுப் போகிறவர் நாற்பது பக்கம் டாகுமெண்ட் எழுதிவைப்பார், யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். உருப்படியாக வேலை செய்வது ரிவர்ஸ் ஷேடோதான். புது ஆள் வேலையைச் செய்வார், பழைய ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். 'அங்கே கை வைக்காதே, உடையும்' என்பது அப்போதுதான் வாயில் வரும். அதை முன்கூட்டியே எழுதிவைக்க அவருக்கே தெரியாது.

ஆன்லைன் கூட்டு வேலைக்கு உண்மையான உபயோகம் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். நாடு விட்டு நாடு ஜோடி தேட வேண்டாம். கோடையில் பயிற்சி முடித்துப் போனவர் அக்டோபரில் ஒரு மணி நேரம் திரையில் வந்து, தான் நடத்திய அதே பிள்ளைகளின் ஏழாம் ஆண்டு கணக்கு நோட்டைப் புது ஆசிரியரோடு புரட்டட்டும். 'இவனுக்கு இது தெரியும், நீங்கள் கேட்கிற விதம்தான் புதுசு' என்று சொல்ல அவரால் முடியும். மார்க் ஷீட்டில் அது இருக்காது. பிள்ளைகளின் தகவல் பாதுகாப்புக்கு மூடிய ட்வின்ஸ்பேஸ் மாதிரி ஓர் இடம் போதும், புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

தேவைப்படுவது அந்த ஒரு மணி நேரம். அக்டோபரில் அவர் வேறொரு பள்ளியில் முதல் வேலையில் திணறிக்கொண்டிருப்பார். வேறு பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளைகளுக்காக அவரை விடுவிக்க எந்தத் தலைமை ஆசிரியர் சம்மதிப்பார்? பயிற்சிக் கல்லூரியின் கணக்கிலும் அவர் ஏற்கெனவே தேறிப் போனவர்.