வாத்து ஒன்று, எண் இரண்டு

மழலையர் வகுப்புச் சுவர்களில் அடிக்கடி காணும் படம் ஒன்று உண்டு. 2 என்ற எண்ணின் வளைவையே வாத்தின் கழுத்தாக்கி, கண்ணும் அலகும் வைத்து வரைந்திருப்பார்கள். எண்ணின் வடிவம் மனத்தில் பதிய அது உதவும். ஆனால் மூன்று வயதுக் குழந்தை அங்கே பார்ப்பது ஒரே ஒரு வாத்தைத்தான். நாம் சொல்லச் சொல்வதோ ‘இரண்டு’. விலங்குகளைக் கொண்டு எண் கற்பிக்கும் செயல்பாடுகளின் பலமும் பலவீனமும் இந்த ஒரு படத்திலேயே தெரிகின்றன.

முதலில் பலம். குழந்தைக்கு எண்ணின்மேல் ஆசை கிடையாது. ஆட்டின்மேலும் கோழியின்மேலும் உண்டு. ஐந்து பொம்மை மாடுகளை நிறுத்தி, ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பிடி புல் வைக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தத்தைக் கையே செய்துவிடும். ஒரு மாடு புல்லில்லாமல் நின்றால் பிழையை ஆசிரியர் சுட்ட வேண்டியதில்லை. குழந்தையே ஓடிப்போய் வைக்கும்.

எண்ணுதலுக்கு அடிப்படையான ஐந்து நெறிகளை உளவியலாளர்கள் கெல்மனும் காலிஸ்டலும் 1978இல் வகுத்துக் காட்டினார்கள். ஒன்றுக்கு ஒரு பெயர், பெயர்களின் வரிசை மாறாது, கடைசியில் சொன்ன பெயரே மொத்தம், எதையும் எண்ணலாம், எங்கிருந்தும் தொடங்கலாம். யானையையும் எறும்பையும் சேர்த்து எண்ணி ‘இரண்டு’ என்று சொல்லும் குழந்தை நான்காவது நெறியைத் தொட்டுவிட்டது. உருவம் எவ்வளவு பெரிதானாலும் எண்ணிக்கையில் அது ஒன்றுதான் என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். பொம்மைகளைத் தொட்டு எண்ணினால் எளிது.

குறை எங்கே நுழைகிறது? ஒட்டு வேலையில். ஆசிரியர் யானையை வெட்டித் தருகிறார், குழந்தை பசை தடவிப் பருப்பு ஒட்டுகிறது, மாலையில் அது பெற்றோர் கைக்குப் போகிறது. விரல்களுக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் நாற்பது பருப்பை ஒட்டினாலும் நான்கு என்பது விளங்கிவிடாது. அங்கே கை செய்த வேலை எண்ணின் வேலை அல்ல.

இன்னொரு குறை, ஒப்பித்தலை அறிவென்று எடுத்துக்கொள்வது. ஒன்று முதல் பத்து வரை தடையின்றிச் சொல்லும் குழந்தையிடம் ‘மூணு மாடு எடுத்துக் கொடு’ என்றால், கைக்கு வந்ததை அள்ளித் தருவதுண்டு. வரிசை வந்துவிட்டது, மொத்தம் என்ற கருத்து இன்னும் வரவில்லை. இந்த ஒரு கேள்வியைக் கேட்காத வகுப்பில் அந்த இடைவெளி யார் கண்ணுக்கும் படாது.

1907இல் ரோமில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கி, 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி, எண் கம்புகளில் விலங்குப் படம் எதையும் வைக்கவில்லை. 10 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை பத்துக் கம்புகள், சிவப்பும் நீலமும் மாறிமாறி. நீளம் ஒன்றே மாறுவதால் கவனம் சிதறாது. அந்தத் தெளிவை மதிக்கிறேன். ஆயினும் ஆட்டுக்குட்டியைப் பார்த்ததும் குழந்தையின் முகத்தில் வரும் மலர்ச்சியை வகுப்பறை இழக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

தமிழ்நாட்டில் 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. இத்தகைய வகுப்புகளுக்கு விலையுயர்ந்த சாதனங்கள் வேண்டியதில்லை. புளியங்கொட்டையும் களிமண் பொம்மையும் போதும். விழுங்கிவிடும் வயதுக் குழந்தைகளுக்குமட்டும் கொட்டைக்குப் பதில் பெரிய மரக்கட்டைகள். உண்மையான தட்டுப்பாடு நேரம்தான். எடை பார்த்து, பதிவேடு எழுதி, உணவையும் கவனிக்கும் பணியாளருக்கு ஒவ்வொரு குழந்தையிடமும் உட்கார்ந்து ‘எத்தனை?’ என்று கேட்கும் பொழுதை நாம் தர வேண்டும்.

விலங்கை அலங்காரத்துக்காக அழைத்து வராமல், அதனிடமே உள்ள எண்ணைத் தேடச் சொல்லலாம். ஆட்டுக்கு நான்கு கால், எறும்புக்கு ஆறு, சிலந்திக்கு எட்டு. சுவரில் இருக்கும் அந்த வாத்துக்கும் இரண்டு கால், இரண்டு சிறகு. கழுத்தை வளைக்காமலே அது 2ஐக் கற்றுத்தரும்.