வந்த காரணமும் நிலைத்த காரணமும்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சபைச் செயலர், "சபைச் சரித்திரம் எழுதுங்க சார்" என்றார். சரித்திரம் எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள். நான் எழுத ஆசைப்பட்டது வேறொன்று. "நான் ஏன் கிறிஸ்தவன்?" என்ற கேள்விக்கு நம் தமிழ்ச் சபைகளில் இதுவரை யார் யார் எப்படிப் பதில் சொல்லியிருக்கிறார்கள், அந்தப் பதில்களை எதைக்கொண்டு எடைபோடுவது என்பது. நாம் அதைச் சாட்சி என்கிறோம். அதில் ஒரே வழி இருந்ததில்லை.

மிகப் பழைய பதில் கடற்கரையிலிருந்து வருகிறது. 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். எதிரிகளிடமிருந்து போர்ச்சுகீசியரின் பாதுகாப்பு கிடைக்கும் என்பதே அன்றைய காரணம். இதைச் சொல்லி அவர்களைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. அவர்கள் 1658ஐ மறந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. பாதுகாப்புத் தந்தவர்கள் போய்விட்டார்கள், புதிய எசமானர்களோ வேறு சபையினர். பரதவர் தங்கள் கத்தோலிக்க விசுவாசத்தை விடவில்லை. வந்த காரணம் ஒன்று, நிலைத்த காரணம் வேறு. ஒருவருடைய சாட்சியைக் கேட்கும்போது நான் இரண்டாவதைத்தான் தேடுகிறேன்.

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் தெ நோபிலி, நம்மவர் சொன்ன பெயரில் தத்துவ போதகர், அறிவின் வழியைத் திறந்தார். சந்நியாசி கோலம் பூண்டு, தமிழும் வடமொழியும் கற்று, பரங்கியாகாமலே கிறிஸ்தவனாகலாம் என்று காட்டினார். 'ஞானோபதேசம்' போன்ற அவருடைய உரைநடை நூல்களில் கேள்வி எழும், விடை வரும், மறுப்பு வரும், மறுப்புக்கு மறுப்பும் வரும். கல்லூரி நாட்களில் அந்த வாதமுறை என்னை மிகவும் கவர்ந்தது. ஆனால் உயர்ந்த சாதியாரை ஈர்ப்பதற்காக அவர் சாதி வேற்றுமையை அப்படியே விட்டுவைத்தார். அந்த விலையைச் சபை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது.

பாட்டின் வழி தஞ்சாவூருடையது. வீரமாமுனிவர் 1726இல் 'தேம்பாவணி'யை முடித்துக் காவியத்துக்கு வழி செய்திருந்தார். ஆனால் சாதாரண விசுவாசியின் நாவில் ஏறியது வேதநாயகம் சாஸ்திரியாரின் பாட்டு. திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சையில் வளர்ந்தவர். சரபோஜி மன்னரோடு ஒருசாலை மாணாக்கர். 'பெத்லகேம் குறவஞ்சி'யில் குறத்தியையே நற்செய்தி சொல்ல வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாயி அவருடைய கீர்த்தனைகளை ராகம் பிசகாமல் பாடுவாள். ஏன் கிறிஸ்தவள் என்று கேட்டிருந்தால் அவள் பாடியிருப்பாள், அவ்வளவுதான். அந்தப் பாட்டு எனக்கும் ரத்தத்தில் ஊறியது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1820களின் இறுதியில், ஆலயத்திலும் திருவிருந்திலும் சாதி வரிசை கூடாது என்று புதிய மிஷனரிகள் நெருக்கியபோது, அதை எதிர்த்து எழுதியவரும் அதே சாஸ்திரியார்தான். எவ்வளவு பெரிய பாட்டுக்காரர்! பந்தி விஷயத்தில் தவறினார்.

எனக்கு மிக நெருக்கமானவர் கிருஷ்ண பிள்ளை. 1827இல் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியர் வேலை. கம்பனில் தோய்ந்த மனம். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். எப்படிக் கிறிஸ்தவரானார் என்பதை அவரே உரைநடையில் எழுதிவைத்திருக்கிறார். அதைவிட எனக்குப் பெரிய சாட்சி 'இரட்சணிய யாத்திரிகம்'. ஆங்கிலேயர் பனியனின் யாத்திரைக் கதை கம்பனுடைய தமிழைக் கேட்டு நடந்தால் எப்படியிருக்கும், அப்படியிருக்கிறது அந்த நூல். அது நூலாக வந்தது 1894இல். ஞானஸ்நானத்துக்கும் நூலுக்கும் நடுவே 36 ஆண்டுகள். நம் கூட்டங்களில் மூன்று நிமிடத்தில் சாட்சியை முடிக்கச் சொல்லும்போதெல்லாம் இந்த 36 ஆண்டு எனக்கு நினைவு வருகிறது. அந்த நூலில் பாரம் சுமந்தவன் நடக்கிறான், விழுகிறான், எழுகிறான். தான் பிறந்த பண்பாட்டில் எதையும் எரித்துவிட்டு வரவில்லை கிருஷ்ண பிள்ளை. ஆழ்வார்களிடம் கற்ற உருக்கத்தையும் கையோடு கொண்டுவந்தார்.

சேவையின் வழியை அறியாதவர் இங்கே இல்லை. ஐடா ஸ்கடர் மிஷனரியாகமாட்டேன் என்றிருந்தவர். ஆண் மருத்துவரை அனுமதிக்காததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டார். 1900இல் மருத்துவராகத் திரும்பினார். வேலூர் மருத்துவமனை அப்படி வந்தது. டோனாவூரின் ஏமி அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்து, 1951இல் கண்மூடும்வரை தாய்நாடு திரும்பவில்லை.

இன்று அதிகம் கேட்பது சாட்சிக் கூட்டத்துச் சாட்சி. வியாதி நீங்கிற்று, வேலை கிடைத்தது, கடன் தீர்ந்தது. நன்றி சொல்லும் அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனால் சுகம் கிடைக்காதவருக்கு அங்கே ஒலிபெருக்கி கிடைப்பதில்லை. என் அம்மாவுக்குச் சுகம் கிடைக்கவில்லை.

நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்த காலம் அது. எங்கள் சேகரத்துத் தேர்தலில் ஓட்டுகளைச் சாதிவாரியாக எண்ணியதைக் கண்ணால் பார்த்தேன். 22 வயது. இனி இந்த வாசலை மிதிப்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வருஷம் அம்மா படுத்தாள். நாங்கள் உபவாசமிருந்தோம், எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். நோய் முற்றியது. கடைசி மூன்று வாரம் அவளுக்குக் கஞ்சி மட்டும்தான் இறங்கும். அதைக் காய்ச்சித் தினமும் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தவர் கீழத்தெரு உபதேசியார். அந்தத் தெருவிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடித்தவளல்ல என் அம்மா. முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ஒன்றும் சொல்லாமல் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் வாயைத் திறந்தாள். பிறகு அவர் வர நேரமானால், "உபதேசியார் இன்னும் வரலையாலே?" என்று கேட்கத் தொடங்கினாள்.

நான் பிறப்பால் வந்தவன். நிலைத்தது அந்தத் தூக்குச்சட்டியால். துன்பத்தை விலக்கும் கடவுளை அந்த மூன்று வாரத்தில் நான் பார்க்கவில்லை. துன்பத்தின் அருகே வந்து உட்காரும் கடவுளைப் பார்த்தேன். சிலுவையைப் பற்றி அதுவரை கேட்ட பிரசங்கமெல்லாம் அப்போதுதான் எனக்குப் பொருள்பட்டது.

பல வருஷம் கழித்து, மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவுவின் பாடல்கள் என் காதில் விழுந்தன. பரட்டை என்று அழைக்கப்பட்டவர். பறையையும் கிராமத்து மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தவர். எல்லாரும் ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதையே நற்செய்தியின் நடுவில் வைத்தார். நோபிலியிடமும் சாஸ்திரியாரிடமும் எது எனக்கு இடித்ததோ, அது இங்கே நேராயிற்று. ஒரு சாட்சி எவ்வளவு ஆழமாக வாதிட்டாலும், எவ்வளவு இனிமையாகப் பாடினாலும், அது யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று பார்க்க அவரிடம் கற்றேன்.

எங்கள் சேகரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதி பிரிக்கும் சுவர் இன்னும் நிற்கிறது. அதை இடிக்கக் கேட்டு நாங்கள் பதினோரு பேர் கையெழுத்திட்ட மனு கமிட்டியிடம் இருக்கிறது.

இந்த வருஷ அசனத்துக்கு, சபையின் பொதுப் பந்திக்கு, எனக்குச் சோறு விளம்பும் வேலை. சமையல் மேற்பார்வை உபதேசியாரின் மகன். போன தடவை உலை கொதித்தபோது அரிசியைக் களைந்து என் கையில் கொடுத்து, "நீங்க போடுங்கண்ணே" என்றான்.