கட்டை விரலில் ஒரு பிரேக்

1992 ஜூனில் நெதர்லாந்தின் ஆசன் மைதானத்துக்கு வந்து இறங்கியபோது, ஆஸ்திரேலிய மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் மிக் டூஹனின் கணக்கில் 130 புள்ளிகள். 500 சிசி உலகப் போட்டியில் அதுவரை நடந்தவை ஏழு பந்தயங்கள். அதில் ஐந்து வெற்றி, இரண்டு இரண்டாமிடம். முன்னிலையும் பெரியது. பட்டம் கைக்கு வந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

பயிற்சிச் சுற்றில் விழுந்தார். வலது கால் முறிந்தது. சிகிச்சையில் சிக்கலாகி, காலையே எடுக்க வேண்டிவரும் என்கிற நிலை. இத்தாலிய மருத்துவர் கிளாடியோ கோஸ்டா அவரை அங்கிருந்து அழைத்துப்போய், இரண்டு கால்களையும் சேர்த்துத் தைத்தார். இடது காலின் ரத்த ஓட்டத்தில் வலது கால் பிழைத்தது. நான்கு பந்தயங்களைத் தவறவிட்டு, நடக்கவே தடுமாறிய நிலையில் பிரேசிலில் மீண்டும் வண்டி ஏறினார்; 12ஆம் இடம், புள்ளி இல்லை. தென்னாப்பிரிக்காவில் ஆறாமிடம். கடைசிக் கணக்கு: போட்டியாளர் வெய்ன் ரெய்னி 140, டூஹன் 136.

டூஹன் என்றாலே எல்லோரும் அவருடைய துணிச்சலைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவருடைய பிரேக். அவர் ஓட்டியது டூ-ஸ்ட்ரோக் வண்டி. அதை ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும், ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் என்ஜின் வண்டியைப் பெரிதாக இழுத்துப் பிடிக்காது. வளைவில் சறுக்கும் பின்சக்கரத்தை அடக்கப் பின்பிரேக் வேண்டும். அதை மிதிக்க வேண்டிய வலது கணுக்காலோ மடங்க மறுத்தது. எனவே இடது கைப்பிடியில், கட்டை விரலால் அழுத்தும் பிரேக் ஒன்றைப் பொருத்திக்கொண்டார். வலப்பக்க வளைவில் வண்டி தரையோடு சாய்ந்திருக்கும்போது, காலுக்கு அடியில் யாருக்குமே இடம் இருக்காது. விரலுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஊனத்துக்காகச் செய்த ஏற்பாடு நல்ல காலுக்கே கிடைக்காத வசதியாகிவிட்டது!

1993இல் முஜெல்லோவில் ஒரே ஒரு வெற்றி. பிறகு 1994 முதல் 1998 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள். பின்னாளில் ஓட்டுநர் ரோஸியோடு சேர்ந்து இன்னும் புகழ்பெற்ற ஜெரமி பர்ஜெஸ்தான் அப்போது அவருடைய தலைமை மெக்கானிக்.

உச்சம் 1997. சிலிண்டர்கள் ஏறத்தாழ ஒன்றாக வெடித்து டயருக்கு மூச்சுவிட நேரம் தரும் 'பிக் பேங்' என்ஜினை ஒதுக்கிவிட்டு, சீரான இடைவெளியில் வெடித்துச் சக்கரத்தை ஓயாமல் சுழற்றும் பழைய 'ஸ்க்ரீமர்' என்ஜினை அவர் கேட்டு வாங்கினார். முரட்டுக் குதிரையை வம்படியாகத் தேர்ந்தெடுத்தது போலத்தான் வெளியில் தெரிந்தது. கட்டை விரலை நம்பியே கேட்டிருப்பார் என்பது என் கணிப்பு. 15 பந்தயங்களில் 12 வெற்றி, இரண்டு இரண்டாமிடம். மீதி ஒன்றில், சொந்த நாட்டு பிலிப் ஐலண்டில், முன்னிலையில் இருந்தபோது விழுந்தார்.

1999இல் ஹெரெஸ் பயிற்சியில், ஈரமான வெள்ளைக் கோட்டின்மேல் சக்கரம் ஏறியது. மறுபடி கால் முறிந்தது. 54 வெற்றிகளோடு ஓட்டம் நின்றது. இன்றைய மோட்டோஜிபியில் இரண்டு கால்களும் நன்றாக இருக்கும் ஓட்டுநர்கள் பலரும் கைப்பிடியில் அந்தப் பிரேக்கைக் கேட்டு வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள்.