ஆல்பா சென்டாரி: ஒரு விளையாட்டும் அதன் விஞ்ஞானமும்

கணிப்பொறி விளையாட்டு ஒன்றை விமரிசனம் செய்ய விஞ்ஞான இதழில் இடம் எதற்கு என்று வாசகர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் நாவலைக் காட்டிலும், திரைப்படத்தைக் காட்டிலும், இத்தகைய விளையாட்டு ஒரு வகையில் விஞ்ஞானத்துக்கு நெருங்கிய உறவு. நாவலாசிரியர் 'கடல் பொங்கி ஊரை விழுங்கியது' என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடலாம். விளையாட்டை அமைப்பவரால் அது முடியாது. கடல் எதனால் உயர்ந்தது, எவ்வளவு உயர்ந்தது, எந்த ஊர் மூழ்கியது, எது தப்பியது என்பவற்றுக்கெல்லாம் அவர் விதி வகுத்தாக வேண்டும். விதி என்று ஒன்று வந்துவிட்டால் அதை நாம் சோதித்துப் பார்க்கலாம். அந்தச் சோதனையை ஒரு விளையாட்டை எடுத்துக்கொண்டு இங்கே செய்து பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொண்டது 'சிட் மையரின் ஆல்பா சென்டாரி'. அமெரிக்காவின் ஃபிராக்சிஸ் நிறுவனம் தயாரித்து 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்தது. பெட்டியின் மேல் இருப்பது மையரின் பெயர். வடிவமைப்பில் பெரும்பங்கு பிரையன் ரெனால்ட்ஸுடையது. விரைந்து விசையை அழுத்திச் சுடும் விளையாட்டல்ல இது. சதுரங்கம் போல முறை வைத்து ஆடுவது. உம்முடைய முறை வரும்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். ஒரு முறை முடிந்தால் விளையாட்டில் ஓர் ஆண்டு கழிந்ததாகக் கணக்கு.

கதை இதுதான். சீர்குலைந்த பூமியிலிருந்து ஐக்கிய நாடுகள் சபை 'யூனிட்டி' என்னும் கப்பலை ஆல்பா சென்டாரிக்கு அனுப்புகிறது. இலக்கை நெருங்கும் வேளையில் அணு உலை பழுதாகிறது. கப்பல் தலைவர் கொலையுண்கிறார். பயணிகள் ஏழு கூட்டங்களாகப் பிரிந்து 'கைரன்' என்ற கோளில் இறங்குகின்றனர். ஒருவர் விஞ்ஞானமே எல்லாம் என்கிறார். ஒருவர் வாணிபம் என்கிறார். ஒருவர் மதம், இன்னொருவர் இயற்கை. ஐ.நா. சாசனத்தைக் காக்க வேண்டும் என்று சொல்பவர் பிரவீன் லால் என்ற இந்திய மருத்துவர். நீர் இவர்களுள் ஒருவராக இருந்து ஆட வேண்டும்.

வானியல் எப்படி?

முதலில் தொலைவு. ஆல்பா சென்டாரி நம்மிடமிருந்து 4.37 ஒளியாண்டுத் தூரத்தில் உள்ளது. 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 வினாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தில் இத்தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 77,000 ஆண்டுகள் ஆகும். ஒரு கப்பல் இதனை 40 ஆண்டுகளில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 32,800 கிலோமீட்டராக இருக்க வேண்டும். அவ்வேகத்தில் ஒவ்வொரு கிலோகிராமும் கொண்டிருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 15 கோடி யூனிட் மின்சாரத்துக்குச் சமம். போய்ச் சேர்ந்தபின் நிறுத்துவதற்கும் ஏற்பாடு வேண்டும். மனிதர், விதை, இயந்திரம் ஆகியவற்றோடு ஒரு கப்பல் என்றால் எத்தனை கோடி கிலோகிராம் என்று நீரே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். விளையாட்டு இந்தக் கணக்கைத் தொடவில்லை. கப்பல் வந்து சேர்ந்தபின் கதையைத் தொடங்கிச் சாமர்த்தியமாகத் தப்பித்துக்கொள்கிறது.

அடுத்தது இரட்டை விண்மீன். ஆல்பா சென்டாரி ஏ, பி என்னும் இரண்டும் ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. பாதை நன்றாக நீண்ட நீள்வட்டம். நெருங்கும்போது இடைவெளி பூமி–சூரியன் தூரத்தைப்போல் 11 மடங்கு. விலகும்போது 35 மடங்குக்கும் மேல். விளையாட்டு இந்த 80 ஆண்டுச் சுழற்சியைச் சரியாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. பி விண்மீன் நெருங்கும் ஆண்டுகளில் கைரனின் பூர்வீக உயிர்கள் அதிகமாக நடமாடத் தொடங்கும் என்பது விதி.

இது நடக்கக்கூடியதா? பி விண்மீனின் ஒளிவீச்சு சூரியனுடையதில் ஏறக்குறையப் பாதி. தூரத்தின் இருமடி விதிப்படி, 11 மடங்கு தூரத்திலிருந்து அது தரும் வெப்பம், சூரியன் பூமிக்குத் தருவதில் 0.4 சதவீதம்தான். கைரன் தன் சொந்தச் சூரியனிடமிருந்து பூமி பெறும் அளவு வெப்பம் பெறுவதாகக் கொண்டால், இந்தக் கூடுதலால் அதன் வெப்பநிலை மூன்றில் ஒரு டிகிரிகூட உயராது. ஆகவே வெப்பத்தைக் காரணம் காட்ட முடியாது. ஆனால் இரவைப் பாருங்கள். அதே 0.4 சதவீதம் நமது முழுநிலவின் ஒளியைப்போல் சுமார் 1,600 மடங்கு! விலகியிருக்கும்போதோ 160 மடங்கு. இரவின் இருளை நம்பி வாழும் உயிர்களுக்கு இது பெரிய மாற்றமே. விதி சரி, காரணத்தை மட்டும் ஒளியில் தேட வேண்டும் என்பது என் தீர்ப்பு.

கைரன் உண்மையில் உண்டா? 1999-இல் அந்த விண்மீன்களில் எதற்கும் கோள் இருப்பதாகத் தெரியாது. 2016-இல் அவற்றின் சிறிய துணைவனான பிராக்சிமாவைச் சுற்றும் கோள் ஒன்று அறிவிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைக் கொண்டு, ஏ விண்மீனின் அருகே வாயுக்கோள் ஒன்று இருப்பதற்கான அறிகுறியை வெளியிட்டனர். அது உறுதிப்பட மேலும் நோக்கல்கள் தேவை. பெரிய வாயுக்கோள் ஒன்று அங்கே இருக்குமானால், பக்கத்தில் கைரன் போன்ற பாறைக்கோள் நிலையாக இருப்பது சிரமம்.

மலையும் மழையும்

விளையாட்டின் சிறந்த பகுதி நிலத்தைப் பற்றியது. கைரனில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுகிறது. மலையின் மேற்குச் சரிவில் மழை, கிழக்கே வறட்சி. பள்ளிப் பூகோளத்தில் படித்த மழை மறைவுப் பிரதேசம் இதுவே. இதிலிருந்து விளையாட்டு ஒரு படி மேலே செல்கிறது. உம்முடைய இயந்திரங்களைக் கொண்டு நிலத்தை மேடாக்கலாம். மேடாக்கினால் கிழக்கேயுள்ள அண்டை நாட்டின் மழை குறைந்துபோகும். ஒரு குண்டும் போடாமல் அடுத்தவன் வயலைப் பாலைவனமாக்கலாம் என்பதை இவ்வளவு எளிதாக விளக்கிய பாடநூலை நான் கண்டதில்லை.

ஆனால் சூரியசக்தி விதியில் சறுக்கல் இருக்கிறது. உயரமான இடத்தில் வைத்த சூரியசக்திப் பலகை அதிக ஆற்றல் தரும் என்பது விதி. திசை சரி, அளவு தவறு. கடற்கரையில் 1 பங்கு கிடைத்தால், 3,000 மீட்டருக்கு மேல் 4 பங்கு கிடைக்கிறதாம். பூமியில் வளிமண்டலத்துக்கு வெளியே ஒரு சதுர மீட்டருக்கு 1,361 வாட்; தெளிந்த நண்பகலில் கடல்மட்டத்தில் சுமார் 1,000 வாட். காற்று முழுவதையும் நீக்கிவிட்டாலும் 36 சதவீதமே கூடும். நான்கு மடங்கு ஆகாது.

'கைரனின் காற்று வேறு மாதிரி இருக்கலாமே' என்று ஒரு மாணவர் வாதிடலாம். நல்ல வாதம். அதையும் கணக்கிடுவோம். பூமியில் போலவே காற்றின் அடர்த்தி உயரத்தோடு குறைவதாகக் கொள்வோம். 3 கிலோமீட்டர் ஏறியதும் ஒளி நான்கு மடங்காக வேண்டுமானால், கடல்மட்டத்துக்கு வந்து சேரும் ஒளி மேலிருந்து புறப்பட்டதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகத்தான் இருக்கும். அந்த மங்கலில் கடற்கரை வயல்களில் பயிர் எப்படி விளையும்? விளையாட்டிலோ அங்கேதான் அமோகமாக விளைகிறது! ஒரு விதியைக் காப்பாற்றப்போய் இன்னொரு விதி உடைந்துவிடுகிறது.

ஆராய்ச்சி என்பது என்ன?

இவ்வகை விளையாட்டுகளில் விஞ்ஞானம் கடைச்சரக்கு போன்றது. புள்ளிகளைச் சேர்த்தால் கண்டுபிடிப்பு கிடைக்கும். ஆல்பா சென்டாரி இங்கே ஒரு நல்ல மாற்றம் செய்தது. விளையாட்டின் வழக்கமான அமைப்பில் இன்ன கண்டுபிடிப்பு வேண்டும் என்று கேட்க முடியாது. தேடலா, அறிவா, ஆக்கமா, போரா என்று திசையை மட்டுமே காட்டலாம். என்ன வரும் என்பது வந்தபின்தான் தெரியும். ஆய்வுக்கூடத்தின் இயல்பு இதுவே என்பதால் இதைப் பாராட்டலாம்.

ஆயினும் குறை தீரவில்லை. இங்கே எந்த ஆராய்ச்சியும் தோற்பதில்லை. போட்ட புள்ளிக்குப் பலன் வந்தே தீரும். 1887-இல் மைக்கல்சனும் மார்லியும் ஈதரைத் தேடினார்கள், தேடியது கிடைக்கவில்லை. அந்த 'இல்லை' என்ற விடைதான் பௌதிகத்தையே திருப்பிப் போட உதவியது. 'இல்லை' என்ற விடைக்கு இவ்விளையாட்டில் இடமே கிடையாது. ஆராய்ச்சி என்றால் பணம் போட்டுப் பொருள் எடுப்பது என்று இளைஞர் எண்ணிவிட்டால், பலன் உடனே தெரியாத ஆராய்ச்சிக்கு நாளை அவர்களே பணம் மறுப்பார்கள். இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை. மனத்தால் தாக்கும் புழுக்கள் என்ற கற்பனையை மன்னிக்கலாம்; அது கற்பனை என்று எல்லோருக்கும் தெரியும். ஆராய்ச்சியைப் பற்றிய தவறான எண்ணமோ உண்மை போலவே மனத்தில் தங்கிவிடும்.

கடலும் வாக்குச்சீட்டும்

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். சுரங்கம், ஆழ்துளை, ஆலை என்று பெருக்கிக்கொண்டே போனால் கைரன் இரண்டு விதமாகத் திருப்பியடிக்கும். ஒன்று, கெடுத்தவனுடைய ஊரின் பக்கத்திலேயே காளான் காடு முளைத்துப் புழுக்கள் வெளிப்படும். மற்றொன்று, கோள் முழுவதும் சூடேறிக் கடல்மட்டம் உயரும். முதல் தண்டனை செய்தவனுக்கே. இரண்டாவது எல்லோருக்கும். முதல் தண்டனையை அனுபவித்தவன் சீக்கிரம் திருந்துகிறான். இரண்டாவதில் யாரும் திருந்துவதில்லை. ஏனெனில் இலாபம் தனக்கு, நஷ்டம் ஊருக்கு. ஆடிப் பார்ப்பவர் தம்மிடமே இதைக் கண்டு வியப்பார்.

கோள் மன்றம் என்று ஒன்று உண்டு. சூரிய ஒளியை மறைக்கும் திரையை விண்ணில் நிறுத்திக் கோளைக் குளிர்விக்கலாம் என்று அங்கே தீர்மானம் கொண்டுவரலாம். துருவப் பனியை உருக்கிக் கடலை மேலும் உயர்த்தலாம் என்றும் கொண்டுவரலாம்! மேட்டில் குடியிருப்பவன் ஏன் திரைக்கு வாக்களிக்க வேண்டும்? பேரம் பேசினால் வாக்களிப்பான். கடல்மட்டத்தை நிர்ணயிப்பதில் பௌதிகத்துக்குப் பாதிப் பங்கு, பேரத்துக்குப் பாதிப் பங்கு என்பதை 1999-லேயே விதியாக எழுதிவைத்தார்கள். இது இவ்விளையாட்டின் மிகப்பெரிய சாதனை.

அளவுகளைச் சரிபார்ப்போம். பூமியில் 1901 முதல் 2018 வரை கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கிரீன்லாந்து, அண்டார்க்டிகாப் பனி முழுவதும் உருகினாலும் உயர்வு ஏறத்தாழ 65 மீட்டர். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். விளையாட்டில் சில பத்தாண்டுகளில் கரையோர ஊர்கள் கடலுக்குள் போய்விடுகின்றன. ஆட்டம் முடிவதற்குள் விளைவைக் காட்ட வேண்டுமே! அதனால் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். இதில் ஓர் ஆபத்து உண்டு. உண்மையான கடல் மெதுவாக ஏறுவதைப் பார்த்து 'ஒன்றும் ஆகவில்லையே' என்று தோன்றிவிடும். சூரியத் திரையும் வெறும் கற்பனையல்ல. பூமியிலிருந்து சூரியன் திசையில் 15 இலட்சம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி எண்ணற்ற சிறு கலங்களை நிறுத்தி, 1.8 சதவீத ஒளியை மறைக்கும் திட்டத்தை 2006-இல் ரோஜர் ஏஞ்சல் என்ற வானியலறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். விளையாட்டில் ஒரு வாக்கெடுப்பில் முடியும் காரியம், அவர் கணக்கில் சுமார் 25 ஆண்டு உழைப்பு.

இன்னொன்றையும் சொல்லாமல் விட இயலாது. குடிமக்கள் கலகம் செய்தால் அவர்கள் நரம்பைக் கட்டுப்படுத்தி அடக்கிவைக்க இவ்விளையாட்டு இடம் தருகிறது. அது அட்டூழியம் என்று மன்றம் தண்டிக்கும். ஆனால் சாசனத்தையே வாக்கெடுத்து நீக்கிவிட்டால் தண்டனை இல்லை. விஞ்ஞானம் எதைச் செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பது விஞ்ஞானம் அல்ல என்று ஒரு சாதாரண விதி நமக்குச் சொல்லித் தருகிறது.

நாம் செய்யக்கூடியது

இவ்விளையாட்டில் படிக்க வேண்டியது ஏராளம். அது தமிழில் வெளிவரவில்லை. ஆங்கிலம் தடுமாறும் மாணவர் படத்தைப் பார்ப்பாரே அன்றி வாதத்தை அறியமாட்டார். அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கட்டத்தாளை எடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 5 வரை ஓர் உயரம் எழுதுங்கள். நான்கு நண்பர்கள் நான்கு நாடுகள். முறைக்கு ஓர் ஆலையோ ஒரு வயலோ கட்டலாம். ஆலைக்கு 3 புள்ளி, வயலுக்கு 1. மொத்த ஆலைகள் பத்தைத் தொடும்போதெல்லாம் கடல் ஒரு படி ஏறும். அந்த உயரத்துக் கட்டங்கள் போய்விடும். ஐந்து முறைக்கு ஒரு வாக்கெடுப்பு: ஆலைகளைக் குறைப்பதா, வேண்டாமா?

முதல் ஆட்டத்தில் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள், அவர்களுடைய நிலம் எந்த உயரத்தில் இருந்தது என்று குறித்துவையுங்கள். இரண்டாம் ஆட்டத்தில் இடங்களை மாற்றிக்கொண்டு ஆடுங்கள். இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.