கழற்றுவது யார்?

'மீளத்தக்க கருத்தடை' என்ற சொற்றொடரில் ஒரு வாக்குறுதி இருக்கிறது: வேண்டும்போது வைக்கலாம், வேண்டாதபோது எடுக்கலாம். நாளைய கருத்தடைச் சாதனங்கள் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இதைச் சாதனத்தின் குணமாகவே பேசுகின்றனர். வைப்பது யார், எடுப்பது யார் என்று கேட்பதில்லை.

2014இல் அமெரிக்காவின் மைக்றோசிப்ஸ் நிறுவனம் ஒரு கருவியை அறிவித்தது. தோலுக்கடியில் 16 வருடங்கள் இருந்து ஹோர்மோனை வெளிவிடும். பெண்ணே றிமோட்டால் அதை நிறுத்தலாம், தொடங்கலாம். 2018இல் விற்பனைக்கு வரும் என்றார்கள், வரவில்லை. வந்திருந்தால் அந்த றிமோட் எவர் கையில் இருந்திருக்கும்?

இது வீண் சந்தேகமல்ல. கையில் ஆறு குழல்களாகப் பதிக்கும் நோர்பிளான்ற், 1990 டிசெம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சில நாட்களுக்குள் பிலடெல்பியாப் பத்திரிகையொன்று, வறிய கறுப்பினப் பெண்களை அதை ஏற்கத் தூண்டலாம் எனத் தலையங்கம் தீட்டி, பின்னர் மன்னிப்புக் கேட்டது. 1991 ஜனவரியில் கலிபோர்னிய நீதிபதி ஒருவர், சிறைக்கு வெளியே வாழ்வதற்கான நிபந்தனையாக ஒரு தாய்க்கு அதை விதித்தார். கழற்றக்கூடியது என்பதாலேயே கட்டாயப்படுத்துவது இலகுவாயிற்று.

கிறீன்லாந்தில் 1960களின் பிற்பகுதியில் டென்மார்க் வைத்தியர்கள் இனுயிற் பெண்களுக்கும் சிறுமிகளுக்குமாகச் சுமார் 4,500 பேருக்கு லூப் வைத்தனர். பலரிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. தம் உடலுக்குள் அது இருப்பதையே அறியாதோரும் இருந்தனர். லூப்பும் மீளத்தக்கதுதான். டென்மார்க் பிரதமர் நூக் நகருக்குச் சென்று மன்னிப்புக் கேட்டது 2025 செப்டெம்பரில்.

ஆண்களுக்கும் ஒன்று வருகிறது. கரக்பூர் ஐ.ஐ.ரி.யின் சுஜோய் குஹா 1970களில் தொடங்கிய 'றிசுக்', விந்துக் குழாயில் ஏற்றும் பொலிமர் ஊசி. 303 ஆண்களிடம் நடத்திய மூன்றாம் கட்ட ஆய்வு 2023இல் வெளியாகி, 99 வீதப் பலனைக் காட்டியது. அப்பொலிமரைக் கரைத்து அகற்றலாம் என்பது விலங்குகளில் காட்டப்பட்டிருக்கிறது. மனிதரில் இன்னும் நிறுவப்படவில்லை. ஆயினும் அதன் முழுப்பெயரின் முதற்சொல்லே 'மீளத்தக்க' என்பதுதான்.

மொழி புரியாத நாட்டில், கணவனோ பிள்ளையோ மொழிபெயர்க்க வைத்தியர் முன் அமர்ந்திருந்த எமது பெண்களுக்கு இது தொலைவான கதையல்ல. கருவியை வைக்கும் அன்றே, எடுக்கும் உரிமையும் எடுப்பதற்கான செலவும் 'எடுத்துவிடு' என்று தானே சொல்வதற்கான மொழியும் அவள் கைக்கு வரவேண்டும். அவை வராத இடத்தில் எந்தக் கருவியும் மீளத்தக்கது அல்ல.