பீர்மேட்டு ஜீப்பும் ஆர்.சி. புத்தகமும்

சாதாரண வண்டியின் உடலுக்குள் புதிய வலுவை ஏற்றும் கலையில் பெரிய பெயர் மினி கூப்பர். ஜான் கூப்பர் 848 சி.சி. மினியை எடுத்து, எஞ்சினை 997 சி.சி.யாக்கினார், 34 குதிரைத்திறன் 55 ஆனது. 1961-ல் வந்த அந்தக் காரின் வாரிசான கூப்பர் எஸ், 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலியை வென்றது. எஞ்சின் வலுவைக் கூட்டிய கையோடு முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பொருத்தினார் கூப்பர். மாற்றியமைத்த எந்த வண்டியையும் நான் இதை வைத்தே எடைபோடுகிறேன்: வலுவைக் கூட்டியவர் பிரேக்கையும் கூட்டினாரா?

கேரளத்தின் கோட்டயம்–குமுளி சாலையில் முண்டக்கயம் தாண்டிக் குட்டிக்கானத்துக்கு ஏறி, பீர்மேடு, பாம்பனார், வண்டிப்பெரியார் என்று போனால், இந்த மலையின் பழம்பெரும் வண்டி ஜீப்தான். மஹிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை இங்கே பூட்டி வண்டியாக்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 1968-ல் உற்பத்தி நின்றுபோன சி.ஜே.3பி மாடல் இங்கே அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் தயாராகிவந்தது. பின்னால் வந்த எம்.எம்.540-க்குப் பெஜோ டீசல் எஞ்சின். வலு ஏறக்குறைய 60 குதிரைத்திறன்.

எஸ்டேட் மண்பாதையில் ஆனிமழையில் தொழிலாளர் லயத்துக்கு அரிசி ஏற்றிப் போக அந்த வலு போதவில்லை. தேவை அங்கேதான் பிறந்தது. பட்டறைக்காரர்கள் பழைய சேஸிஸில் டி.ஐ. எஞ்சினை உட்கார வைத்தார்கள், ஸ்பிரிங் பட்டை கூட்டினார்கள், பவர் ஸ்டியரிங் ஏற்றினார்கள். நிறுவனம் கைவிட்ட ஒரு வண்டியை இன்னும் சில பத்தாண்டுகள் உழைக்க வைத்தது இந்தக் கைவேலை. எஞ்சின் மவுன்டை எந்த இடத்தில் பற்றவைத்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிராது, எந்தக் கியர்பாக்ஸ் எந்த எஞ்சினோடு ஒத்துப்போகும் என்பதெல்லாம் பெரும்பாலும் குருவிடமிருந்து சீடனுக்குக் கைமாறிய அறிவு. அதை மட்டமாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் நன்றாக மாற்றப்பட்ட ஜீப் அரிது. பிற்கால ‘தார்’ மாடலில் வந்த 105 குதிரைத்திறன் சி.ஆர்.டி.இ. எஞ்சினைப் பழைய உடலில் ஏற்றி, நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக்கை அப்படியே விட்டுவிட்டால் என்ன ஆகும்? வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தவேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகிறது. குட்டிக்கானத்திலிருந்து இறங்கும் வண்டியில் இரண்டாம் கியரை விட்டுப் பிரேக்கையே நம்பினால் டிரம் சூடேறிப் பிடி தளரும்; ஓடையில் இறங்கி ஏறினாலோ தண்ணீர் புகுந்து பிடி குறையும். பெரிய டயர் போட்டு, உடலை உயர்த்தி, எடையின் மையத்தையும் மேலே தள்ளினால் வளைவில் கவிழும் வாய்ப்பு கூடுகிறது. ஆக்ஸில் மேல் விழும் சுமையும் கூடுகிறது. பார்வைக்குக் கம்பீரமாக நிற்கும் பல வண்டிகள் இந்தக் கணக்கில் தோற்றுப்போகின்றன.

நல்ல மாற்றம், கெட்ட மாற்றம் என்ற வேறுபாட்டைச் சட்டம் பார்ப்பதில்லை. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9-ல் தீர்ப்பளித்தது: தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. வெறும் சத்தத்துக்காகச் சைலன்சரைக் கழற்றியவரும், பாதுகாப்புக்காக டிஸ்க் பிரேக் பொருத்தியவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 2021-ல் வந்த விதி 50 வயது கடந்த வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற தனிப் பதிவு எண்ணைத் தந்தது. அதுவும் சேஸிஸ், உடல், எஞ்சின் மூன்றும் பெரிதாக மாறாத வண்டிக்குத்தான். மாறாதது பாரம்பரியம் ஆயிற்று. மலைக்காக மாறியதற்குப் பதிவேட்டில் இடமே இல்லை.

இதன் விளைவு எனக்கு வருத்தம் தருகிறது. ஆர்.சி. புத்தகத்தில் எழுத முடியாத வேலையை எந்த மெக்கானிக்கும் வெளியில் சொல்லமாட்டார். எஃப்.சி. காட்டும் நாளில் பழைய பாகம் திரும்ப ஏறும், மறுவாரம் கழலும். நல்ல வேலைப்பாடு எது என்று ஒப்பிட்டுப் பார்க்க எழுத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை. ஜெர்மனியில் பெரிய மாற்றங்களைப் பரிசோதகர் தனியாகச் சோதித்து ஆவணத்தில் பதிகிறார். முப்பது வயது கடந்த வண்டிக்குரிய பாரம்பரியப் பதிவிலும், அந்தக் காலத்தில் வழக்கத்திலிருந்த மாற்றங்களை ஏற்கிறார்கள். அங்கே அரிய வண்டிக்கு வரலாறு இருக்கிறது, இங்கே அதற்கு வதந்திதான் இருக்கிறது.

அப்படியொரு தனிப்பரிசோதனை இங்கும் வேண்டும் என்பேன். வெல்டிங்கைப் பார்த்து, சுமையேற்றி, சரிவில் நிறுத்திக் காட்டச் சொல்லி, தேறினால் பதியலாம். இதைச் சொந்த வண்டிக்கு மட்டுமே கேட்கிறேன். தேனி மாவட்டத்திலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிவரும் ஜீப்புகளில் நெரிசலே பெரிய ஆபத்து. வலு கூடினால் இன்னும் நாலு பேரை ஏற்றுவார்கள். அந்த ஜீப்புகளில் எஞ்சின் மாற்றத்தை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. அங்கே முதலில் வரவேண்டியது கூடுதல் பேருந்து.