மூன்று நொடி மௌனம்

பியர்சன் நிறுவனம் நடத்தும் பிடிஇ ஆங்கிலத் தேர்வில், பேச்சுப் பகுதியின்போது எதிரே ஆள் யாரும் இல்லை. திரையில் ஒரு வரைபடம் தோன்றும். யோசிக்க 25 நொடி, விவரிக்க 40 நொடி. நடுவில் மூன்று நொடி பேச்சு நின்றால் ஒலிப்பதிவும் நின்றுவிடும். மதிப்பெண்ணைப் பெரும்பாலும் கணினி போடும். அகப்பாடல் நடத்திப் பிழைக்கும் எனக்கு இது விசித்திரம். தலைவி சொல்லாமல் விட்டதை விளக்கவே எங்களுக்கு ஒரு வகுப்பு போதாது.

2017இல் அயர்லாந்தைச் சேர்ந்த பெண் கால்நடை மருத்துவர் ஒருவர், ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்குவதற்காக இத்தேர்வை எழுதினார். ஆங்கிலம் அவருடைய தாய்மொழி. படித்த இரண்டு பட்டங்களும் ஆங்கிலத்தில்தான். மற்ற பகுதிகளில் தேறியவர் பேச்சில் தோற்றார். வேண்டியது 79, கிடைத்தது 74. தங்கள் முறையில் பிழையில்லை, குடிவரவுத் துறை கேட்கும் மதிப்பெண்தான் அதிகம் என்றது நிறுவனம். தாய்மொழிக்காரியே தோற்றாளாம் என்று பலரும் இதைத் துணுக்காக வாசித்துச் சிரித்தார்கள். நான் நின்றது வேறோர் இடத்தில். கணவர் ஆஸ்திரேலியர் என்பதால், அவருக்கு மிஞ்சிய வழி கூடுதல் செலவு பிடிக்கும் துணைவர் விசா. தன் படிப்பையும் தொழிலையும் காட்டி வாசலுக்கு வந்த பெண்ணை, அந்த ஐந்து மதிப்பெண் ‘இன்னாரின் மனைவி’யாக வரச் சொன்னது. அவர் ஆணா பெண்ணா என்று கணினி யோசித்திருக்காது. ஆனால் அது தவறினால் ஒரு பெண் எங்கே போய் விழுவாள் என்பது கணினிக்கு முன்பே தீர்மானமாகிவிட்ட விஷயம்.

மனிதத் தேர்வாளர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று நான் சொல்லவரவில்லை. வாய்மொழித் தேர்வில் சேலையையும் சொந்த ஊரையும் பார்த்து மதிப்பெண் போட்டவர்களை நமக்குத் தெரியும். அவர்களிடம், துணிச்சல் இருந்தால், ஏன் என்றாவது கேட்கலாம்.

எழுத்திலும் இதே கதைதான். 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், பிறமொழியினர் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை, செயற்கை நுண்ணறிவு எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் ஏழு மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதத்தை அவை இயந்திரம் எழுதியது என்றன. அதே கட்டுரைகளுக்கு சாட்ஜிபிடியைக் கொண்டே சொல்வளம் கூட்டியபோது பழி குறைந்தது!

தேர்வு நிறுவனங்கள் இப்போது பொறுப்பைப் பேசுகின்றன. டுவோலிங்கோ 2023இல் தன் ஆங்கிலத் தேர்வுக்கென நெறிமுறைகளே வெளியிட்டது. நியாயம், வெளிப்படைத்தன்மை எல்லாம் அதில் உண்டு. நல்லதுதான். ஆனால் பொறுப்பும் பொறுமையும் ஒரே வேர்ச்சொல்லின் பிள்ளைகள். பொறுமை மட்டும் எப்போதும் நம் பங்குக்கு வருகிறது. என் குரல்பதிவை நானே கேட்க வேண்டும். எந்த இடத்தில் மதிப்பெண் போனது என்று காட்ட வேண்டும். கட்டணம் வாங்காமல் ஒரு மனிதர் அதை மறுபடி கேட்டு, தன் பெயரைப் போட்டுப் பதில் எழுத வேண்டும். இந்த மூன்றும் இல்லாத நெறிமுறை விளம்பரம்தான்.

என் மாணவி ஒருத்தி இத்தேர்வுக்குத் தயாராகிறாள். கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்து, இடைவெளி விழுந்த இடங்களை எண்ணுகிறாள். “யோசிக்கிறப்ப ‘ம்’ சொல்லலாமா மேம்?” என்று கேட்டாள். சொன்னால் தயக்கம், சொல்லாவிட்டால் மௌனம். நான் பதில் யோசிப்பதற்குள் மூன்று நொடி போய்விட்டது.